மாமனார் வயலில் சிவப்புக் குண்டூசி

மாமனாரின் மக்காச்சோள வயலில் சிவப்புக் குண்டூசியைக் குத்தியவன் நான்தான். அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடத்தில்தான் குத்தினேன். ஆனால் அவருக்கு எங்கோ வலித்தது. படைப்புழு எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் படம் அது. சிவப்பு விழுந்தால் பறிக்கத் தடை, பத்தாம் நாள் மருந்து அடிப்பார்கள். அப்புறமும் கதிரைத் தொடக் கூடாது. அவர் கதிரோ பறிக்கிற பக்குவத்தில் இருந்தது.

பூச்சி எண்ணுவது எனக்குக் கூடுதல் பொறுப்பு. வயலுக்கு வயல் பொறி கட்டி, உள்ளே ஒரு ரப்பர் வில்லை வைத்து, மூன்று நாள் கழித்துப் போய் எண்ண வேண்டும். வில்லைகளைப் பிரித்து அலுவலகக் கோட்டின் பையில் போடும்வரை உற்சாகம் இருந்தது. பிறகு, பொறி எதற்கு, இரண்டு கண் இருக்கிறதே என்று தோன்றியது. பொழுது சாயும்போது வரப்பில் நின்று நானே எண்ணினேன். பன்னிரண்டு பூச்சி.

"ஒரே ஒரு இலையில ஓட்டை காட்டுங்க மாப்பிள்ளை, ஒத்துக்கறேன்," என்றார் மாமனார்.

பொறுக்கச் சொன்னேன். பூச்சி முட்டையிடும், மூன்றாம் நாள் பொரியும், புழு குருத்துக்குள் புகுந்து இரண்டு வாரம் தின்னும், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும், மறுபடி பறக்கும் என்று விளக்கினேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் நான் இவ்வளவு பேசியதில்லை.

மறுநாள் சரிபார்க்கப் போனேன். இருபத்தாறு. பக்கத்து வயல் சுத்தமா என்று பார்த்தேன், அங்கேயும் சிவப்பு. ஒரு வாரத்தில் நான் நடந்த வழியெல்லாம் சிவப்பு. கோட்டு மாட்டியிருந்த எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒன்பது. நேர்மையாக அங்கேயும் ஒரு குண்டூசி குத்தினேன்.

"அப்பா வயலை அழிச்சது போதாதுன்னு வீட்டுக்கும் மருந்து அடிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

முட்டை மட்டும் ஒன்றுகூட அகப்படவில்லை. ஒன்பதாம் நாள் மாமனார் பூச்சிகளைப் பாட்டிலில் அடைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். அங்கிருந்த அம்மாள் லென்ஸில் பார்த்தார். என் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்த பூச்சியையும் பார்த்தார். பையில் கைவிட்டு வில்லைகளை எடுத்தார்.

"உங்க வயலுக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா, கதிரைப் பறிங்க. எல்லாம் எங்கிருந்தோ தேடி வந்த ஆண் பூச்சி."

மானம் போன பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. "அப்போ பெண் பூச்சி எங்கே மேடம்?"

அவர் வில்லைகளை மேஜையில் வைத்தார்.

"அதோட வாசனைதான் சார் இது. ஒன்பது நாளா இந்த வட்டாரத்துப் பெண் பூச்சி நீங்கதான்."