உட்கார்ந்து மட்டுமே தொடவும்

ஆள்காட்டி விரல் கண்ணாடியைத் தட்டுகிறது: நாடித்துடிப்பு எழுபத்தெட்டு. மறுபடி தட்டுகிறது: மூச்சு பதினெட்டு. இடது கை டேப் என்னும் கையடக்கக் கணினியை மடியில் தாங்கியிருக்க, வலது கை அவசரமே இல்லாமல் ஒவ்வொரு எழுத்தாகச் சேர்க்கிறது: 'நோயாளி இடது பக்கம் திரும்பினார்.' சற்று யோசிக்கிறது. 'வலது பக்கம் திரும்பினார்.' இன்னும் யோசிக்கிறது. 'தற்போது எந்தப் பக்கமும் திரும்பவில்லை.'

வாசகரே, நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது 'நற்காரணர்' என்னும் இனம். ஒரு காரணத்துக்காக ஒன்றைச் செய்வார்கள். கேட்டால் அதைவிட உயர்ந்த வேறொரு காரணத்தைச் சொல்வார்கள். பொய்யர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தான் சொல்வது பொய் என்று பொய்யருக்குத் தெரியும். இவர்களோ மூன்றாவது முறை சொல்லும்போது தாங்களே நம்பிக் கண்கலங்கிவிடுவார்கள். எங்கும் இருப்பவர்கள்தான், ஆனால் கூட்டங்கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் செவிலியர் பயிற்சிப் பள்ளிக்குப் போக வேண்டும்.

அந்த விரலுக்குச் சொந்தக்காரி இரண்டாம் ஆண்டு மாணவி. கொக்கு என்றால்தான் யாருக்கும் தெரியும். காலை ஏழிலிருந்து பிற்பகல் இரண்டு வரை வார்டில் மாணவிகள் உட்காரக் கூடாது என்பது விதி. கொக்கு ஒரு காலை ஊன்றி, மறு காலை அதன் மேல் சாய்த்து, அரைமணிக்கு ஒரு முறை கால் மாற்றியே ஒன்றரை வருடத்தை ஓட்டியவள்.

பள்ளி பன்னிரண்டு டேப் வாங்கியது. ஆறு மாதம் ஒருத்தியும் தொடவில்லை. டிஜிட்டல் பயிற்சியைத் தலையில் சுமந்த டியூட்டர் கெஞ்சினார், மிரட்டினார், சுவரெல்லாம் வண்ணப்படம் ஒட்டினார். ம்ஹும். கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும் என்றாள் கொக்கு. உண்மையில் கடவுச்சொல்லை மறந்துவிட்டிருந்தாள்.

அப்புறம் ஒரு நாள் ஒரு டேப் தரை துடைக்கும் வாளிக்குள் விழுந்தது. மறுநாளே முதல்வரின் சுற்றறிக்கை: டேபை உட்கார்ந்த நிலையில் மட்டுமே கையாள வேண்டும். இரண்டு கட்டிலுக்கு ஒன்றாக நாற்காலி வந்து சேர்ந்தது.

அடுத்த நாள் ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே டேப் அலமாரியின் முன் வரிசை.

எத்தனை ஆர்வம், எத்தனை தாகம்! ஒரு பதிவுக்கு ஒரு உட்காரல். ஆகவே பதிவுகள் பெருகின. நோயாளி தண்ணீர் குடித்தார், குடித்துவிட்டு டம்ளரை வைத்தார், வைத்த டம்ளரைப் பார்த்தார். ஒருவருடைய காய்ச்சலைத் தேடிய மருத்துவர் திரையை உருட்டி உருட்டிக் கட்டைவிரலுக்குக் களிம்பு தடவிக்கொண்டார்.

ஏழாம் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

"என்ன சிஸ்டர், நாலாவது தடவையா கையப் புடிக்கிறீங்க. ஏதாச்சும் ஆப்டுச்சா?"

"இல்லங்கய்யா, பதிவு பண்ணணும்."

அவள் நாற்காலியில் இறங்கிய விதத்தை அவர் கவனித்தார். "முப்பது வருஷம் ஓடுற வண்டியில நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன்மா நான். நீங்க உக்கார்ற அழகப் பாத்தாலே புரியுது. இருமட்டுமா? அதுக்கு ஒரு வரி எழுதிக்கலாம்."

இருமினார். பதினொரு நிமிடம் கிடைத்தது.

டியூட்டர் பூரித்துப்போனார். டிஜிட்டல் முறையை ஏற்க மாணவிகளைத் தூண்டுவது எது என்று ஆய்வு தொடங்கினார். அறிவு வளர்ச்சிக்காக என்றார். ஆய்வு முடிந்தால் வார்டு சுற்றும் வேலை போய் மேசை வேலை கிடைக்கும் என்பதைச் சொல்லவில்லை. படிவத்தில் ஐந்து கட்டங்கள்: நோயாளி பாதுகாப்பு, துல்லியம், நேர மிச்சம், வேலைவாய்ப்பு. ஐந்தாவது 'பிற', பக்கத்தில் சிறு கோடு. 'நாற்காலி' என்று எழுத அளவெடுத்தாற்போன்ற கோடு.

கொக்கின் பேனா அதுவரை போனது. எழுதினால் நாற்காலியைப் பிடுங்கிவிடுவார்களே. பேனா மேலே ஏறி நோயாளி பாதுகாப்பில் டிக் போட்டது. அதோடு விட்டிருக்கலாம். அடியில் ஒரு வரியும் சேர்த்தாள்: 'ஒரு கணமும் இந்த டேபைப் பிரிய மனமில்லை.'

அந்த வரியை முதல்வர் காலைக் கூட்டத்தில் தழுதழுத்தபடி வாசித்தார். பிரிய மனமில்லாத பிள்ளைகளைப் பிரிக்கலாமா? மறுவாரமே எல்லோர் கழுத்திலும் பட்டி, பட்டியில் டேப். இனி நின்றபடியும் நடந்தபடியும் பதியலாம். நாற்காலிகள் விழா அரங்கத்துக்குப் போயின.

"இதே மாதிரிதான் எங்களுக்கும் கழுத்துல பை மாட்டிவிட்டாங்க" என்றார் கண்டக்டர்.

பத்தாம் நாள் இரண்டாவது படிவம் வந்தது: 'கழுத்துப்பட்டி உங்களை எவ்வகையில் மகிழ்விக்கிறது?' கொக்கு அதைக் கண்டக்டரின் சாப்பாட்டுப் பலகையில் வைத்து, ஒற்றைக் காலில் நின்று வெறித்தாள்.

"உண்மைய எழுதிடட்டுமாய்யா?"

"கால் வலிக்குதுன்னா? எங்க டிப்போவுல எழுதிப் பாத்தோம். உடற்பயிற்சி வகுப்பு வெச்சாங்க." படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "நாற்காலி எனக்கு நல்லதுன்னு எழுதுங்க. உங்களுக்குன்னு எழுதாதீங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் காலை நடைக்குப் போவது உடம்புக்காகத்தானே, வீட்டில் அது பாத்திரம் துலக்கும் நேரம் என்பதற்காக இல்லையே? இந்தப் பக்கத்தையும் வாசிப்பு ஆர்வத்தால்தானே படிக்கிறீர்கள்? பஸ்ஸில் நிமிர்ந்தால் எதிரே நிற்பவருக்கு இடம் கொடுக்க வேண்டிவரும் என்பதால் இல்லையே?

கொக்கு எழுதி முடித்தாள்: 'மிக்க மகிழ்ச்சி. ஆயினும் நின்றபடி பதியும்போது கை அசைந்து எண்கள் மாறிவிழ வாய்ப்புண்டு. நோயாளியின் பாதுகாப்பு ஒன்றையே கருதி, அசையாத இருக்கை ஒன்று அவசியமாகிறது.' எழுதியதைத் தானே ஒருமுறை படித்தாள். நோயாளியை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது.

படிவத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். டியூட்டர் வாங்கி, நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்தார். 'இருக்கை' என்ற இடத்துக்கு வந்ததும் மெல்ல ஒரு காலைத் தூக்கி, மறு காலில் ஊன்றிக்கொண்டார்.