இடித்த காரிலேயே கோர்ட்டுக்கு

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கோபப்படத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரப்பு ஒரு சாண் நகர்ந்துவிட்டது என்று சொந்த அண்ணனோடு முப்பது வருஷம் பேசாமல் இருப்பவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் முகத்துக்கு நேரே, ‘தப்பு உங்கள் மேல்தான்’ என்று சொல்லச் சொல்லுங்கள், நாக்கு எழாது. ‘ஏனுங்க’ என்று ஆரம்பித்து ‘சாப்பிட்டீங்களா’ என்று முடித்துவிடுவோம். இந்த வியாதி எனக்குக் கொஞ்சம் முற்றிய நிலையில் இருந்தது. அதைக் கோர்ட்டே கண்டுபிடித்துத் தீர்ப்பில் எழுதியது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்துநாலு வயது. அவிநாசியில் அம்மாவும் மகளுமாக நாங்கள் இருவர். அப்பா இல்லை. அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பார். நான் பீளமேட்டில் ஒரு நூல் மில்லின் சோதனைக் கூடத்தில் வேலை. நாளெல்லாம் நின்றபடியே நூலின் முறுக்கையும் வலுவையும் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். பஸ்ஸில் போய் இறங்கி, ஸ்டாண்டில் போட்டு வைத்திருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போவேன்.

ஒரு நாள் காலை, வழியில் இருந்த டீக்கடை முன்னால் நின்றிருந்த ஒரு வெள்ளை அம்பாசிடர் திடீரென்று பின்னால் வந்தது. நான் பெல் அடித்தேன். (கார் பின்னால் வரும்போது சைக்கிள் பெல் அடித்து அதை நிறுத்த நினைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.) வலது முழங்கால் சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவில் மாட்டியது. காரிலிருந்து ஓடி வந்தவர் என்னைத் தூக்கி உட்கார வைக்கும்போது நான் சொன்ன முதல் வார்த்தை, “பரவால்லீங்க.”

முட்டி மூன்று துண்டு.

காரை ஓட்டியவர் பெயர் நஞ்சப்பன். மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம். நாற்பத்தைந்து வயதிருக்கும், கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. அவரே என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார், அவரே போலீசுக்குப் போய்த் தம் பெயரைக் கொடுத்தார். மறுநாள் அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “அவன் மட்டும் என்ற கண்ணு முன்னால வரட்டும்” என்று கறுவிக்கொண்டிருந்தபோது, ஒரு கையில் இளநீர்க் குலையும் மறு கையில் கச்சாயம் என்கிற வெல்லப் பணியாரம் நிறைந்த தூக்குப்போசியுமாக வாசலில் நின்றார்.

“நாந்தானுங்க நஞ்சப்பன். உங்க புள்ளைய இடிச்சுப்போட்டனுங்க” என்றார். கண்ணில் தண்ணீர்.

அம்மா எழுந்து நின்றார். முந்தானையைச் சரிசெய்தார். “வாங்க. உக்காருங்க. சாப்டீங்களா?” என்றார்.

அதோடு எங்கள் பக்கத்துக் கோபம் முடிந்தது. அப்புறம் வாரா வாரம் நஞ்சப்பன் வந்தார். அவர் மனைவி ஊறுகாய் கொடுத்தனுப்பினார். அம்மா அவருடைய பெண்ணுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தார். ஊரில் எங்களைப் பார்த்தவர்கள், ஏதோ மாமன் வீட்டு உறவு விட்டுப்போய்த் திரும்பச் சேர்ந்திருக்கிறது என்றே நினைத்திருப்பார்கள்.

முட்டிக்கு மட்டும் இந்த உறவெல்லாம் தெரியவில்லை. அது நீட்டியது நீட்டியபடி நின்றுவிட்டது. முதல் ஆபரேஷனில் உள்ளே வைத்த தகட்டை எடுத்துவிட்டு இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் மடங்கும் என்றார் டாக்டர். மில் மேனேஜர், “கால் சரியானதும் வாம்மா, எடம் அப்படியே இருக்கும்” என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் எத்தனை மாதம் இடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? ஆபரேஷனுக்கு எங்களிடம் வழி இல்லை. நஞ்சப்பனுக்கும் அந்த வருஷம் வியாபாரம் படுத்திருந்தது. கேஸ் போடச் சொன்னதே அவர்தான்.

“என்ற மேல கேஸ் போடுங்க அம்மணி. நான் வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டறனுங்க. கம்பெனிதான் தரோணும். நல்ல வக்கீலாப் பாருங்க” என்றார். தனக்கு எதிராக வக்கீல் பிடித்துத் தரவும் தயாராக இருந்தார். அது மட்டும் நன்றாக இருக்காது என்று அம்மா தடுத்துவிட்டார்.

எங்கள் வக்கீல் சென்னியப்பன். ஒல்லி, அவசரக்காரர், பேசும்போது கடிகாரத்தையே பார்ப்பார். அவர் எழுதிய மனுவில், ‘முதல் எதிர்மனுதாரர் தமது காரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்று இருந்தது.

“ரிவர்ஸ்ல வந்த வண்டிங்க. அதிவேகமெல்லாம் இல்லீங்களே?” என்றேன்.

“அம்மணி, மனுவுல எல்லா வண்டியும் அதிவேகமாத்தான் வரும். கூண்டுல ஏறி இதை அப்படியே சொல்லிப்போடுங்க. வேற ஒரு வார்த்தை வேண்டாம். அந்தாளைத் திட்டுனாத்தான் கம்பெனி பணம் குடுக்கும். புரிஞ்சுதுங்களா?”

புரிந்தது. வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அம்மாதான் கம்பெனி வக்கீல். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று, “இவர் அதிவேகமாவும் அஜாக்கிரதையாவும்” என்று ஆரம்பித்தவுடன் அம்மா, “பாவம் கண்ணு, அந்த மனுசனப் போயி” என்பார். ஒரு தடவைகூட அந்த வாக்கியத்தை நாங்கள் முடித்ததில்லை.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. பஸ் படியில் என்னால் ஏற முடியாது. ஆட்டோவில் மடங்காத காலை வெளியே நீட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, காலையிலேயே வாசலில் ஹாரன். வெள்ளை அம்பாசிடர். மேட்டுப்பாளையத்திலிருந்து கோயமுத்தூருக்கு நேர் ரோடு இருக்கிறது. இவர் அன்னூர் வழியாகச் சுற்றிக்கொண்டு அவிநாசிக்கு வந்திருக்கிறார்.

“எனக்கும் சம்மன் வந்திருக்குதுங்க. ஒரே எடத்துக்குப் போறதுக்கு எதுக்குங்க ரெண்டு வண்டி?” என்றார்.

இந்த நியாயத்தில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. முன்சீட்டில் என் காலை நீட்டி வைக்க ஒரு தலையணையும் கொண்டு வந்திருந்தார். அவருடைய மனைவி அதற்குப் புது உறை போட்டுத் தந்திருந்தாராம்.

போகிற வழியில் அந்த டீக்கடை வந்தது. நஞ்சப்பன் வேகத்தைக் குறைத்தார். பிறகு அவர், “டீ குடிச்சுட்டுப் போலாமுங்களா?” என்றார். குடித்தோம். திரும்பக் கிளம்பும்போது அம்மாவை இறங்கிப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லித்தான் காரை எடுத்தார்.

கோர்ட் வாசலில் இறங்குவது பெரும்பாடாக இருந்தது. காலை முதலில் எடுப்பதா, உடம்பை முதலில் எடுப்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். கருப்புக் கோட்டு போட்ட ஒரு பெரியவர் ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். “மெதுவாங்க அம்மணி, மெதுவா” என்று கையைக் கொடுத்து இறக்கிவிட்டார். எவ்வளவு நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

படிக்கட்டில் நின்றிருந்த சென்னியப்பன் என்னையும், தலையணையோடு பின்னால் வந்த நஞ்சப்பனையும், காரையும் பார்த்தார். முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்க மறந்தார்.

“அம்மணி, இந்தக் கார்லயா வந்தீங்க?”

“ஆமாங்க.”

“யாராச்சும் பாத்தாங்களா?”

“யாரும் பாக்கலீங்க. அந்தக் கோட்டு போட்ட ஐயா மட்டும் எறக்கி உட்டாருங்க.”

சென்னியப்பன் அந்தத் திசையில் பார்த்தார். “அவருதான் அம்மணி இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல்” என்றார்.

கூண்டில் ஏறினேன். எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம், ஆமாங்க, இல்லீங்க என்று ஒழுங்காகத்தான் சொன்னேன். அதிவேகம் என்ற இடத்தில் மட்டும் குரல் எனக்கே கேட்கவில்லை. அடுத்து அந்தப் பெரியவர் எழுந்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், அதட்டவே இல்லை.

“ஏனுங்க அம்மணி, இன்னைக்குக் கோர்ட்டுக்கு எதுல வந்தீங்க?”

“கார்லீங்க.”

“யாரு காருங்க?”

“இவரு காருங்க.” நஞ்சப்பனைக் காட்டினேன்.

“உங்களை இடிச்சதுன்னு சொல்றீங்களே, அந்தக் காரு?”

“அதேதானுங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியவர் நீதிபதி பக்கம் திரும்பி, இது இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு கம்பெனியை ஏமாற்றப் போட்ட வழக்கு, மொத்தமாகத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார். மேனேஜர் வைத்திருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் வேறொரு பெண் நின்று நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிங்க. இவரு அதிவேகமாவும் அஜாக்கிரதையாவும் வந்தாருன்னு சொன்னீங்க. அது நெசம்னா அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க பாக்கலாம்.”

பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நஞ்சப்பன் முதல் பெஞ்சில், மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, ‘சொல்லு அம்மணி, தைரியமாச் சொல்லு’ என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அத்தனை மாதம் கச்சாயம் தின்ற வாய் திறக்க மறுத்தது. கடைசியில் திறந்தபோது வெளியே வந்தது இதுதான்:

“நானும் கொஞ்சம் பாத்து வந்திருக்கலாமுங்க.”

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நொடி நஞ்சப்பன் எழுந்துவிட்டார். “இல்லீங்க ஐயா! அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க. நாந்தான் பின்னால பாக்காம எடுத்துப்போட்டனுங்க.”

“அப்படிச் சொல்லாதீங்கண்ணா. நான் பிரேக் புடிக்காம பெல் அடிச்சுட்டு இருந்தனுங்க.”

“பெல் அடிச்சீங்கல்ல? அதைக் கேக்காதது என்ற தப்புத்தானுங்க.”

“மெதுவாத்தான் அடிச்சனுங்க.”

பஸ்ஸில் இரண்டு பேர், “நான் எடுக்கறனுங்க, நீங்க உடுங்க” என்று டிக்கெட்டுக்கு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். நீதிபதி இரண்டு தடவை மேஜையைத் தட்டிய பிறகே நிறுத்தினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தப்பு எம்மேல இல்லைன்னு சண்டை போடறவங்களத்தான் இத்தனை வருஷமாப் பாத்திருக்கேன்” என்றார். பிறகு என்னிடம், “எதுக்கும்மா அந்தக் கார்ல வந்தீங்க?” என்று கேட்டார்.

“பஸ் படியில ஏறறதுக்கு முட்டி மடங்காதுங்கய்யா. கார்ல இருந்தே எறங்க முடியலீங்க. இந்த ஐயாதான் கையப் புடிச்சு எறக்கி உட்டாருங்க.” கம்பெனி வக்கீலைக் காட்டினேன். காட்டிக்கொடுக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. உதவி செய்தவரைச் சபையில் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை என்று பட்டது.

நீதிபதி அவரைப் பார்த்தார். “அப்படீங்களா?”

பெரியவர் கோட்டைச் சரிசெய்தார். காகிதங்களைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கும் வரவில்லை. “கொஞ்சம் செரமப்பட்டுத்தான் எறங்குனாங்கய்யா” என்றார் மெல்லிய குரலில்.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு. பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள் குறைந்தபட்சம் ஒரே கதையையாவது சொல்வார்கள் என்று நீதிபதி சதிப் புகாரைத் தள்ளிவிட்டார். ஆனால் விபத்தில் தன் பங்கும் உண்டு என்று மனுதாரரே சத்தியம் செய்து சொல்லியிருப்பதால், தப்பில் மூன்றில் ஒரு பங்கு என் தலையில். நஷ்ட ஈட்டிலும் அந்தப் பங்கு வெட்டு.

“உங்க வாயாலயே கெடுத்துக்கிட்டீங்க அம்மணி” என்றார் சென்னியப்பன். அதைவிடப் பெரிய தொல்லை அவருக்கு நஞ்சப்பன் ரூபத்தில் வந்தது.

“அந்த ஒரு பங்கு எதுக்குங்க புள்ள மேல? முழுசா என்ற மேல போடச் சொல்லி அப்பீல் பண்ணுங்க.”

“தோத்தவன் அப்பீல் பண்ணுவானுங்க. முழுசாத் தோக்கலைன்னு அப்பீல் பண்ண வந்த ஆளு நீங்கதான்.”

கிடைத்தது ஆபரேஷனுக்குப் போதும். அதற்குப் பிறகு காலை மடக்கிப் பழக வேண்டிய வைத்தியத்துக்குப் போதவில்லை. அம்மா தன் தையல் மெஷினை விற்றார். அதைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அழுதேன். நாள் முழுக்க அழுதேன். இன்றைக்கும் அந்த இடம் எனக்குச் சிரிப்பாக இல்லை. பிறகு எட்டு மாதம் கழித்து மில்லில் என் பழைய இடத்தில் நின்றேன். முட்டி முழுதாக மடங்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு போய் நின்றுகொள்ளும். தீர்ப்பை அதுவும் படித்திருக்கும்போல. நஞ்சப்பன் மறு வருஷம் வியாபாரம் தேறியதும் செய்த முதல் காரியம், தையல் மெஷின் ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து அம்மா முன்னால் இறக்கியதுதான்.

கல்யாணம் ஆன புதிதில் இந்தக் கதையைக் கணவரிடம் சொன்னது நான் செய்த அடுத்த தவறு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் பொங்கினாலும், கரண்ட் போனாலும், அவர் சாவியைத் தொலைத்தாலும், “மூணுல ஒரு பங்கு உன்னுதுதான். கோர்ட்டே சொல்லியிருக்குது” என்பார். மகளும் பேச வந்த நாளிலிருந்து இதையே சொல்லி வளர்ந்தாள்.

போன மாதம் அவள் புதிதாக வாங்கிய காரை எடுத்துக்கொண்டு போனவள், வெகுநேரம் கழித்து போன் செய்தாள். ஒரு ஸ்கூட்டர்காரர் பின்னால் வந்து லேசாக இடித்துவிட்டாராம். யாருக்கும் அடியில்லை.

“தப்பு உம்மேலன்னு ஏதாச்சும் உளறி வச்சியா?” என்று பதறினேன். அனுபவஸ்தி அல்லவா?

“சொல்லலாம்னுதாம்மா போனேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தண்ணன் முந்திக்கிட்டாரு, தப்பு அவருதுன்னு. உட முடியுமா? அரை மணி நேரமாப் பேசிட்டு இருக்கறோம்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “டீ குடிக்கக் கூப்புடறாரும்மா. போகட்டுமா?” என்று கேட்டாள்.