சந்தேகம் சாருக்கு அடிக்க மணி இல்லை

கடலூர் மாவட்டத்துக் கருத்தரங்குகளில் பாதியைக் கெடுத்தவை ஒலிபெருக்கிகள். மீதியைக் கெடுத்தவர் சந்தேகம் சார்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. என்ன வேலை பார்த்தார் என்பதும் தெரியாது. எந்தத் துறையின் கூட்டமானாலும், பழைய கருத்தரங்கு ஒன்றில் கொடுத்த சணல் பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பேசுபவர் நன்றி சொல்வதற்குள் எழுந்துவிடுவார். "ஒரே ஒரு சின்ன சந்தேகம்." அந்தச் சின்ன சந்தேகத்துக்கு முன்னுரை, கிளைக்கதை, தண்ணீர் குடிக்க இடைவேளை எல்லாம் உண்டு.

பண்ருட்டியில் முந்திரி விவசாயிகள் கூட்டம். பூச்சியை ஒழிப்பது எப்படி என்று ஒரு விஞ்ஞானி விளக்கி முடித்தார். "அந்தப் பூச்சி முந்திரிய விட்டா வேற எங்க சார் போவும்? அதையும் யோசிச்சீங்களா?" என்றார் நம்மவர். விஞ்ஞானி யோசித்தார். கூட்டம் முடிகிறவரை யோசித்துக்கொண்டே இருந்தார். இன்னொரு முறை கடலூரில் சர்க்கரை நோய் நிபுணர் ஒருவரை மதியச் சாப்பாடு தாண்டியும் விடவில்லை. கடைசியில் அந்த நிபுணருக்கே தலைசுற்றி, மேடையில் வைத்து ஒரு லட்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

நான் வேலை பார்க்கும் போதை மீட்பு ஆலோசனை மையம் நடத்திய ஊர்வலத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. கொடியசைத்த பிரமுகரிடம் போய், "ஐயா, கொடி நல்லா அசைச்சீங்க. இவுங்கல்லாம் எங்க போறாங்க?" என்றார். பிரமுகர் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆகவே, சிதம்பரத்தில் போதைப் பழக்கத் தடுப்புக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைப்பு வந்தபோது எனக்கு முதலில் வந்த கவலை அவர்தான். இரண்டாவது கவலை, ஏழு மாதக் கைக்குழந்தை. மூன்றாவது, கிளம்பிய அன்று சேர்ந்துகொண்டது: கேஸை மூடினேனா என்பது. பஸ் பரங்கிப்பேட்டை பிரியும் இடத்தைத் தாண்டும்வரை அதையே கணவரிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"பாப்பா அழுதா என்னங்க பண்ணுவீங்க?"

"அழுதா தூக்குவேன். நீ மேடையில அழுதாதான் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் கணவர்.

அழுவதற்குக் காரணம் இருந்தது. பள்ளிகளில் போதைத் தடுப்பு வகுப்பு என்ற பெயரில் அழுகிய நுரையீரலையும் மண்டையோட்டையும் காட்டிப் பயமுறுத்துகிறார்களே, அதனால் பலன் உண்டா என்று பிள்ளைகளிடம் கேட்டு ஆய்வு செய்திருந்தேன். அடுத்த ஆண்டும் அதே வகுப்பா, வேறு வழியா என்று முடிவு செய்ய வேண்டிய கல்வி அதிகாரிகள் இருவர் அன்று முன்வரிசையில் இருப்பார்கள். அவர்கள் காதில் இது விழுந்தாக வேண்டும்.

விழுவதற்குத்தான் நேரமில்லை. சிறப்பு விருந்தினர் வரவே மணி பதினொன்றரை. குத்துவிளக்கு அணையாமலிருக்க மின்விசிறிகளை நிறுத்தினார்கள்; விளக்கு எரிந்தது, நாங்கள் வெந்தோம். பிறகு பொன்னாடைகள். போர்த்தியவருக்கு ஒன்று, போர்த்தப்பட்டவருக்கு ஒன்று, தட்டைப் பிடித்தவருக்கும் ஒன்று. வெளியே, புகைப்பழக்கத்துக்கு எதிரான பதாகையின் நிழலில் இரண்டு பிரதிநிதிகள் நிம்மதியாகப் புகைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வுக் கட்டுரைகளின் முறை வந்தபோது பிரியாணி வாசனையும் வந்துவிட்டது. அமர்வின் தலைவர் மேசை மணியை முன்னால் இழுத்துவைத்துக்கொண்டார். "ஆளுக்கு மூணு நிமிஷம். மீதிய வாசிச்சதா எடுத்துக்குவோம். சர்டிபிகேட் கண்டிப்பா உண்டு."

என் கட்டுரையின் தலைப்பே ஒரு நிமிடம். வழிகாட்டிக்கு நன்றி, மையத்துக்கு நன்றி. இரண்டாவது ஸ்லைடில் வாயைத் திறந்தேன், மணி அடித்தது. வெளியே என் மகள் வீறிட்டாள். அதிகாரிகள் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்கள்.

"அருமையான ஆய்வு" என்றார் தலைவர், எதையும் கேட்காமலே. "கேள்வி ஏதாவது?"

மூன்றாவது வரிசை ஓரத்தில் சணல் பை எழுந்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கதவு தூரத்தில் இருந்தது.

"ஒரே ஒரு சின்ன சந்தேகம்மா. அடுத்த ஸ்லைடு ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதுல இன்னா இருக்கு?"

சொன்னேன். பயமுறுத்தும் வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள், அதுவரை தெரியாத போதைப் பொருட்களின் பெயர்களைத்தான் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"அட! அதுக்கு அடுத்ததுல?"

தலைவர் மணியை அடித்தார். சந்தேகம் சார் திரும்பினார். "சார், அது பேசறவுங்களுக்கு அடிக்கிற மணி. கேக்கறவனுக்குன்னு தனியா மணி வெச்சிருக்கீங்களா?"

விழாக் குழு எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்திருந்தது, இதற்குச் செய்திருக்கவில்லை. அரங்கம் சிரித்தது. நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். வகுப்பில் தங்களை யாருமே ஒன்றும் கேட்கவில்லை என்று பிள்ளைகள் சொன்னதைச் சொன்னேன். ஆசிரியர்கள் சிறு குழுவாக உட்காரவைத்து, திட்டாமல் கேட்ட பள்ளிகளில், எந்தக் கடையில் யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளே வந்து சொன்னதையும் சொன்னேன். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடைசி ஸ்லைடுவரை வந்தது.

முன்வரிசை அதிகாரி ஒருவர் பேனாவைத் திரும்ப எடுத்தார். "மேடம், இப்படிப் பேச ஆசிரியருங்களுக்குப் பயிற்சி வேணும் இல்லியா? அது..."

"சார், வரிசையில வாங்க" என்றார் சந்தேகம் சார். "நான் இன்னும் முடிக்கல."

முடித்தபோது பிரியாணி முடிந்திருந்தது. ரசம் சாதம் வரிசையில் அவரைப் பிடித்தேன்.

"ரொம்ப நன்றி சார். நீங்க வேணும்னேதானே கேட்டீங்க?"

"எதும்மா? எனக்கு நெஜமாவே தெரியல. அதான் கேட்டேன்." பிறகு பரிமாறுபவரிடம் திரும்பினார். "தம்பி, ஒரு சின்ன சந்தேகம். இது ரசமா?"

தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அந்த அதிகாரி மட்டும் மறு வாரம் எங்கள் மையத்துக்கு வந்து, பயிற்சிபற்றி விட்ட கேள்வியை முடித்துவிட்டுப் போனார்.

என் மகளுக்கு இப்போது மூன்று வயது. காலையிலிருந்து ஏன், எதுக்கு, எப்படி. "இவ சந்தேகம் சார் மாதிரி ஆயிடுவா போலிருக்கே" என்கிறார் கணவர். கேஸிலிருந்து காய்ச்சல்வரை எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற நான், இதற்கு மட்டும் கவலைப்படுவதில்லை.