மத்தியானப் பொறுப்பு

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரர் ஒரு வேலையைத் தானாகக் கேட்டு வாங்கியது இந்தக் கோடையில்தான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் சிவப்புப் பசு வெயில் தாங்காமல் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால் பாதியாகிவிட்டது. எனக்குச் சும்மாவே மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். மாடு கண்ணை மூடினால், தூங்குகிறதா போய்ச் சேர்ந்துவிட்டதா என்று மூக்கில் கை வைத்துப் பார்ப்பேன். இவரை மாட்டு டாக்டரிடம் விரட்டினேன்.

திரும்பி வந்தவர் முகத்தில் தியாகிக் களை. தீவன முறையையே மாற்ற வேண்டுமாம். விடியற்காலை ஐந்து மணியும் பொழுது சாய்ந்த பிறகும் என் பொறுப்பு. கொளுத்துகிற மத்தியானம் முழுக்க அவர் பொறுப்பு.

"வெயில்ல நீ வாடக்கூடாது," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவர் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி விழுந்தது.

அப்புறம் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து புல் நறுக்கினேன். தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டேன். இருட்டினதும் மறுபடி புல், மறுபடி தொட்டி. அவரோ மத்தியானம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு, "மாடா உழைக்கிறேன்," என்றபடி மின்விசிறிக்குக் கீழே சாய்வார். தொழுவத்துக்கு எப்போது போனீர்கள் என்று கேட்டால், எல்லாம் டாக்டர் சொன்னபடி நடக்கிறது என்பார். மாடும் தேறிவந்ததால் நான் நோண்டவில்லை.

நாலாம் நாள் டாக்டரே வந்தார். மாட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மத்தியானம் தீவனம் ஒண்ணும் வைக்கலையேம்மா? வெயில் நேரத்துல தின்னா, செரிக்கிறப்ப உடம்பு இன்னும் சூடேறும். உப்புத் தண்ணி போதும். சும்மா விட்டுடணும்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மாட்டைப் பார்த்தார். மாடு என்னைப் பார்த்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்து உட்கார்ந்தார். அவர் முன்னால் ஒரு சொம்பு தண்ணீரை வைத்து, ஒரு சிட்டிகை உப்பும் போட்டேன்.

"சாப்பாடு எங்க?"

"மாடா உழைக்கிறீங்க. வெயில்ல தீவனம் ஆகாது. விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாங்க, சூடாப் போடறேன்."

"மனுஷனுக்கும் மாட்டுக்கும் ஒரு வித்தியாசம் கிடையாதாடி?"

"இருக்கே. அது பால் கொடுக்குது."

சொம்பு காலியாவதற்குள் சமாதானத்துக்கு வந்துவிட்டார். இப்போது விடியற்காலையும் சாயங்காலமும் அவர்தான். கொட்டாவி விட்டுக்கொண்டே புல் நறுக்குகிறார். மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. பாலும் பழைய அளவுக்கு ஏறிவிட்டது.

கொளுத்துகிற மத்தியானம் முழுக்க என் தலையில் விழுந்துவிட்டது. என்ன செய்வது, மின்விசிறிக்குக் கீழே படுத்துத்தான் சமாளிக்கிறேன்.