கலியமூர்த்தி கேட்ட சர்டிபிகேட்

"பிறப்புறுப்பில் மரு. கலியமூர்த்தி உடனே சிகிச்சைக்கு வரவும்."

கோவில்பதாகை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சீட்டைப் படித்ததும் கலியமூர்த்திக்கு மீசை துடித்தது. அந்த ஆஸ்பத்திரி வாசலை அவர் மிதித்ததே இல்லை. ஆவடித் தொழிற்சாலையில் இருபது வருஷமாகத் தரப் பரிசோதகர். ஊசிமுனை அளவு புள்ளி இருந்தாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிறவர். அவருக்கே பழுது என்று எழுதிவிட்டான் எவனோ!

"எவனுக்கோ வந்ததை நம்ம வீட்ல போட்டுட்டானுங்க. நான் யோக்கியன்டி!"

மனைவி பார்வதம் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "யோக்கியன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க பாய் வாசல்லதான்."

என்ன அக்கிரமம் இது! கலியமூர்த்தி குவார்ட்டர்ஸ் தெருவுக்கு வந்து, "எனக்கு ஒரு நோயும் கிடையாது!" என்று கத்தினார்.

அதுவரை ஒன்றும் தெரியாமல் இருந்த நாலு வீட்டுக்காரர்களும் வெள்ளிக்கிழமை டிவி பாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"என்ன நோய் சார்?"

"வெறும் மருன்னு எழுதியிருக்கான்!"

"எந்த இடத்துல?" என்று எதிர்வீட்டு வேலுசாமி அக்கறையாகக் கேட்டார்.

கலியமூர்த்தி சைக்கிளை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மணவாளனின் மேஜையை ஓங்கிக் குத்தினார். "எனக்கு இல்லேன்னு சர்டிபிகேட் குடுங்க! இல்லாட்டி கலெக்டருக்கு மனு போடுவேன்!"

"பார்க்காம எப்படி எழுதுறது?"

"பாருங்க! நல்லாப் பாருங்க!"

திரைக்குப் பின்னால் டாக்டர் நன்றாகவே பார்த்தார். "காலிஃப்ளவர் மாதிரி பொடிப்பொடியா இருக்கே, எத்தனை நாளா?"

"அது வேர்க்குரு சார்."

"மார்கழியிலயா? மருதாங்க இது. வலிக்காது, அதான் யாரும் கவனிக்கிறதில்லை. ஆனா தொத்திக்கும். கிருமி பல வருஷம் வெளியே தெரியாமலே உடம்புல இருக்கலாம். இந்தக் கிருமியில சில வகை பொம்பளைங்களைக் கருப்பை வாய்ப் புற்றுநோயில கொண்டு விட்டுடும். புருஷனுக்கு இருந்தா பொண்டாட்டியும் வைத்தியம் பார்த்தாகணும்."

பார்வதத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பயத்தில் கலியமூர்த்திக்குக் கோபம் இரட்டிப்பானது.

"அவகிட்ட எந்த மூஞ்சியோட சொல்லுவேன்? எல்லாம் அந்தச் சீட்டால வந்த வினை! எவன் சார் எழுதச் சொன்னது?"

மருந்துத் தட்டோடு நின்ற ஆயா பொன்னியம்மா சொன்னாள்:

"ஒங்க ஊட்டம்மாதான் சார். ஒரு மாசமா இங்க இதுக்குத்தான் வைத்தியம் பாத்துகினு கீது. கூப்ட்டா வரமாட்டாரு, பழி போட்டா பறந்துகினு வருவாருன்னு சொல்லிச்சு."