மருதப்பனுக்கு ஜாகா கிடைத்தது

குற்றம் என்னும் பெருநோய்க்கு உலகம் இன்னும் மருந்து தேடிக்கொண்டிருக்க, ஐம்பத்தெட்டாம் ஆண்டிலேயே அதை அரைத்துக் கொடுத்த பெருமை சிராங்கூன் சாலைக்குப் பின்னாலிருந்த ஒரு சந்துக்கு உண்டு. துணிக்கடை அழகப்பனின் சைக்கிள் காணாமற்போன மறுநாளே அங்கே ‘குற்றத் தடுப்பு விழிப்புக் குழு’ உதயமாயிற்று. சைக்கிள் நாலு கடை தள்ளி, அவர் மறந்து நிறுத்திய இடத்திலேயே நின்றது. அதற்குள் தலைவருக்கு மாலை வாங்கியாகிவிட்டது. மாலையை வீணாக்க முடியுமா?

ஞாயிறு பிற்பகல் முதற்கூட்டம். தலைவர் அழகப்பன், செயலாளர் மசாலாக்கடை ஹனீபா. துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கும் மருதப்பன், நாற்காலிகளைச் சுமந்து போட்ட உரிமையில் பின்னால் நின்றான். அழகப்பன் கடை வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதைதான் அவன் வீடு. சொந்தக் காசில் வாங்கிய கயிற்றுக் கட்டில்தான் சொத்து. பெண்டாட்டி கண்மணி ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில், தங்கை வீட்டு அடுப்படியில் முடங்கிக் கிடந்தாள். ஒரு அறை கிடைத்தால் கூட்டிவந்துவிடலாம். அந்த நினைப்பிலேயே மூட்டை தூக்கினான்.

“ஆளுக்கொரு ராத்திரி காவல் காப்போம்” என்றார் ஹனீபா.

“நல்ல யோசனை. நீங்களே ஆரம்பிங்க” என்றார் அழகப்பன்.

“எனக்கு ராத்திரிக் காத்து ஆகாதுண்ணே. நீங்க?”

“தலைவர் தெருவுல நின்னா சபைக்கு என்ன மரியாதைலா?”

மற்ற உறுப்பினர்களிடம் விசாரித்ததில், சந்து முழுக்க மூட்டுவலி பரவியிருந்தது தெரியவந்தது. அப்போதுதான் தலைவரின் ‘தீர்க்கதரிசனம்’ பின்வரிசையில் விழுந்தது.

“மருதப்பா, நீ எங்க படுக்கறே?”

மருதப்பனுக்கு ஒன்றுதான் தோன்றியது: விரட்டப்போகிறார்கள். “உங்க அஞ்சடியிலதாங்க முதலாளி. வேற எடமில்லீங்க.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை தொட்டு இந்தச் சந்துல உனக்கு ஜாகா குடுக்கறோம்.”

கைதட்டல். ஜாகா என்றால் இந்த ஊரில் காவல்காரன் என்பது மருதப்பனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவன் அம்மா வாயில் ஜாகா என்றால் தங்குமிடம். எங்கே படுக்கிறாய் என்று கேட்டுவிட்டு ஜாகா தருகிறோம் என்றால், மனுஷன் எதை எடுத்துக்கொள்வான்? அன்றே ஜொகூர் லாரிக்காரனிடம் சொல்லியனுப்பினான்: “ஜாகா கெடைச்சிருச்சு, பொறப்பட்டு வா.”

அடுத்த ஞாயிறு தகரப்பெட்டியோடு கண்மணி வந்து இறங்கினாள். “எங்கய்யா ஜாகா?”

மருதப்பன் தலைவரிடம் போனான். “ரூம்பு எதுங்க முதலாளி?”

“ரூம்பா?” அழகப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஹனீபா பொறுமையாக விளக்கினார்: “ஜாகா நீதான்லா. ராத்திரி பூரா சந்தைச் சுத்தணும். கௌரவப் பதவி. சம்பளம் குடுத்து அதைக் கேவலப்படுத்த மாட்டோம்.”

“பகல்ல மூட்டை, ராத்திரி காவலு. எப்பத் தூங்குறதாம்?” என்று கேட்டாள் கண்மணி.

“தூங்குற காவல்காரன் எதுக்கும்மா?” என்றார் தலைவர். சொன்ன பிறகுதான் அதிலிருந்த தத்துவம் அவருக்கே விளங்கியது. தூங்காதவனுக்குக் கட்டில் எதற்கு? நின்றபடியே கூடிய அவசரக் கூட்டம், ‘விழிப்புக்கு இடையூறான பொருளை அகற்றுவது’ என ஒருமனதாகத் தீர்மானித்தது. மூட்டுவலிக்காரர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். கட்டில் அழகப்பன் கடைக்குள் போயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பின் சாய்ந்துகொள்ள அவருக்கு வாகாக இருந்தது.

“நல்ல ஜாகாய்யா” என்று பெட்டியைத் தலையிலேற்றிக்கொண்டு, கண்மணி ஜொகூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.

குழுவின் சாதனையை எதிரிகூட மறுக்க முடியாது. அது இருந்த காலமெல்லாம் அந்தச் சந்தில் நடந்த திருட்டு ஒன்றே ஒன்றுதான். அதுவும் பட்டப்பகலில், தலைவர் முன்னிலையில், ஜாகாவின் கண்ணெதிரே.