சாக்கெட்ட அவுக்கப் போய் கார்டையே அவுத்தேன்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலை. சுங்காய் தோட்டத்துக் கோயில் திருவிழா நேரலையை வயர் லைன்லருந்து வைஃபைக்கு மாத்தணும். வயர் லைன் ரொம்ப மெதுவு.

மாமனார்தான் கோயில் தலைவர். கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லித்தான் அவர்கிட்ட பொண்ணு கேட்டேன். ஆறு வருஷத்துல அவரோட பிரிண்டரைக்கூட நான் ஓட வச்சதில்ல. இதுலயாவது மனுஷன் என்னை மதிக்கணும்.

"மாப்ள, நேர்ல வந்துருங்கலா."

"எதுக்கு மாமா? ஈப்போலருந்தே முடிச்சிருவேன்!"

விஷயம் சின்னது. கோயில் ஸ்டோர்ல இருக்குற கம்ப்யூட்டர்ல, நேரலை புரோகிராமோட சாக்கெட், அதாவது படம் வெளிய போற வாசல், வயர் சொருகுற நெட்வொர்க் கார்டோட கட்டியிருந்துச்சு. அந்தக் கட்டை அவுக்கணும்னு கெர்னல்கிட்ட சொல்லணும். கெர்னல்னா கம்ப்யூட்டருக்குள்ள எல்லாரையும் வேலை வாங்குற மண்டோர்.

சொன்னேன். அவசரத்துல சாக்கெட்டுக்குப் பதிலா கார்டையே அவுக்கச் சொல்லிட்டேன். மண்டோர் மறுபேச்சு பேசல. அவுத்துட்டாரு.

ஈப்போலருந்து நான் அதுக்குள்ள போயிருந்ததும் அதே கார்டு வழியாத்தான், இப்ப நானும் வெளிய.

படம் அப்படியே நின்னுச்சு. எதுல? மாமனார் கொட்டாவி விடுறதுல! வாய் முழுசா தொறந்து, கண்ணு சொருகி, கை ரெண்டும் மேல. பின்னாடி தீபாராதனை.

கோயில்ல இருந்த மச்சினனுக்குப் போன் போட்டேன். "பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுலா!"

"ஸ்டோர் பூட்டியிருக்கு மச்சான். சாவி அப்பா இடுப்புல. அப்பா பூசையில."

மனைவியை ஏத்திக்கிட்டுக் காரை எடுத்தேன். சிம்பாங் பூலாய்ல ஜாம். அவ போன்ல நேரலைக்கு வர்ற கமென்ட்ட படிச்சிட்டே வந்தா.

"ரொம்பத் திட்டுறாங்களா?"

"இல்லங்க. 'தலைவருக்கு சாமி வந்துருச்சு'ங்கிறாங்க. மலாக்கா அத்தை டிவி முன்னால சூடம் காட்டுறாங்களாம்."

போய்ச் சேந்தப்ப அன்னதானமே முடிஞ்சிருச்சு. மாமனார் கையில போனோட வாசல்ல நின்னாரு.

"மாமா, மன்னிச்சிருங்க, நாந்தான்..."

தோளைப் பிடிச்சாரு. "மாப்ள, சாமி வந்தது எனக்கே தெரியல. சரியா அந்த நேரம் பாத்து படத்தை நிறுத்தியிருக்கீங்களே!"

ஆறு வருஷத்துல மொத தடவையா அவர் கையால எனக்குக் காப்பி ஊத்திக் குடுத்தாரு. அந்தப் படத்தைப் பெருசாக்கி கோயில்ல மாட்டணும்னு உத்தரவும் போட்டாரு. நானும் எந்த அளவுலன்னு கேட்டுக்கிட்டேன்.

இப்ப ஈப்போ போட்டோ கடையில நிக்கிறேன். கடைக்காரர் சொல்றாரு, கொட்டாவிக்குத் தங்கக்கலர் பிரேம் நல்லாருக்குமாம்.